தெருவை உயர்த்தும் முன் மட்டம் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூர், கும்பகோணம் நகர வளர்ச்சி பற்றித் தங்கள் நாளிதழில் வரும் கடிதங்களை விடாமல் படித்து வருகிறேன். பேருந்து நிலையம் எங்கே அமைய வேண்டும், கடை வாடகை எவ்வளவு வைக்கலாம், வண்டி நிறுத்த இடம் போதுமா, தெருவோர வியாபாரிகளை எங்கே உட்கார வைப்பது என்று பலரும் எழுதுகிறார்கள். எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் பொதுப்பணித்துறையின் பாசனப் பிரிவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது அதை நீர்வளத்துறை என்கிறார்கள். லெவல் கருவியை முக்காலியில் நிறுத்தி, எதிரே லஸ்கர் என்ற கடைநிலை ஊழியர் பிடித்து நிற்கும் ஸ்டாஃப் எனும் அளவுக்கோலைப் பார்த்து அளவு எழுதுவதுதான் என் பிழைப்பு. வாய்க்கால் தலைப்பில் தொடங்கி கடைமடை வரை நடந்தே அளந்திருக்கிறோம். ஒரு மடையின் தளம் இரண்டு விரற்கடை உயர்ந்துவிட்டால் மேலே உள்ள வயலில் தண்ணீர் தேங்கும், கீழே உள்ள வயல் காயும். அன்று மாலைக்குள் இரண்டு பக்கத்துக்காரர்களும் வரப்பில் வந்து நிற்பார்கள். ‘மடையை யாருய்யா ஏத்திக் கட்டினது?’ என்று கேட்பார்கள். பள்ளிக்கூடம் போகாத பெரியவர்கூட கண்ணால் பார்த்தே மட்டம் சொல்லிவிடுவார். வயலில் இவ்வளவு கறாராக இருக்கும் நம் மக்கள் ஊருக்குள் வந்ததும் ஏன் கேட்காமல் இருக்கிறோம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

டெல்டா நிலம் எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் கடற்கரை வரைக்கும் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம்கூடக் கிடையாது. இந்த மெல்லிய சரிவை வைத்துக்கொண்டுதான் வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று ஆறுகளும் அவற்றின் கிளை வாய்க்கால்களும் அவ்வளவு தூரம் தண்ணீர் கொண்டுபோகின்றன. இங்கே ஒரு தெருவை ஓர் அடி உயர்த்தினால், ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு இயற்கை கொடுத்திருக்கும் சரிவை ஒரே நாளில் அழித்துவிட்டோம் என்று அர்த்தம். கோயம்புத்தூரிலோ சேலத்திலோ ஓர் அடி பெரிய விஷயமாக இருக்காது. இங்கே ஓர் அடி என்பது ஒரு தெரு முழுகுமா முழுகாதா என்பதைத் தீர்மானிக்கும்.

தஞ்சாவூரையே எடுத்துக்கொள்வோம். ஊருக்குத் தெற்கும் மேற்கும் மேட்டு நிலம். வல்லம் பக்கம் போனால் செம்மண்ணும் செம்பாறையும்தான். வடக்கேயும் கிழக்கேயும் வண்டல் வயல். மேட்டில் விழுகிற மழை ஊரைக் கடந்து பள்ளத்துக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். இது நாயக்கர் காலத்துக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. ஊருக்கு மேற்கே செவ்வப்ப நாயக்கன் ஏரியில் மழைநீரைத் தேக்கி, அதைப் பூமிக்கடியில் கட்டிய வழியாகச் சிவகங்கைக் குளத்துக்கும், அங்கிருந்து மேலவீதி அய்யன்குளத்துக்கும் கொண்டுபோனார்கள். ஜலசூத்திரம் என்று நம் பெரியவர்கள் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அய்யன்குளத்தைச் சீரமைத்தபோது அந்தப் பழைய நீர்வழி வெளியே தெரிந்தது. மோட்டாரும் மின்சாரமும் இல்லாத காலத்தில் மட்டத்தை மட்டுமே நம்பிக் கட்டியது அது. எந்தப் பொறியியல் கல்லூரி மாணவரும் வந்து பார்க்க வேண்டிய வேலை.

அந்தக் குளத்தை மீட்டவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். அதேபோல 2024 செப்டம்பரில் மினி டைடல் பூங்கா திறந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறாமல் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போகலாம் என்றால் எந்தப் பெற்றோருக்குத்தான் கசக்கும்? ஊர் வளரக்கூடாது என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. வளரும்போது மட்டம் பார்த்து வளர வேண்டும் என்கிறேன்.

மட்டம் பார்க்காமல் விட்டதற்கு ஒரு காரணம் நம் எல்லோர் கண் முன்னாலும் நடந்தது. ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்டது. மதுரை, சேலம், வேலூரோடு சேர்ந்து தஞ்சாவூர் 2016 செப்டம்பரில் பட்டியலில் இடம்பெற்றது. நகரம் ஒன்றுக்கு ஒன்றிய அரசு 500 கோடி ரூபாய், அதே அளவு மாநிலத் தரப்பு என்று கணக்கு. 2025 மார்ச் மாதத்தோடு திட்டம் முடிந்தது. பணிகளை நடத்தியது மாநகராட்சி மன்றம் இல்லை. திட்டத்தின் விதிப்படி எல்லா நகரங்களிலும் தனி நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்து அதன் வழியாகத்தான் செய்தார்கள். அதோடு இன்னொன்றும் நடந்தது. தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ஆம் தேதிதான் நடந்தது. அதாவது பெரிய பெரிய வரைபடங்கள் தயாராகி, டெண்டர் விட்டு, பள்ளம் தோண்டிய ஆண்டுகளில் பெரும்பகுதி, வார்டுக்கு ஒரு கவுன்சிலரே கிடையாது. ‘எங்கள் தெருத் தண்ணீர் இந்தப் பக்கம் போகாது சார், அந்தப் பக்கம்தான் போகும்’ என்று சொல்ல நினைத்தவர் யாரிடம் போய்ச் சொல்வது? எந்த அதிகாரியையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. வெளியூரிலிருந்து வரும் ஆலோசகருக்கு அந்தத் தெருவில் ஐப்பசி மழையில் என்ன நடக்கும் என்று தெரிய வழியில்லை. தெரிந்தவர் அங்கேயே குடியிருக்கிறார். அவரைக் கேட்க ஓர் ஏற்பாடு இல்லாமல் போனது.

சரி, சாலை விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கை வாழ்க்கைப்பட்டது டெல்டாவில் வேறோர் ஊரில். ஊர்ப் பெயர் வேண்டாம், ஏனென்றால் இது எந்த ஊரிலும் நடப்பதுதான். அவள் கல்யாணமாகிப் போனபோது அந்த வீட்டுக்கு வாசலில் மூன்று படிகள். திண்ணை, ஆளோடி, ரேழி, முற்றம் என்று பழைய ஓட்டு வீடு. தெருவில் முதலில் கப்பி ரோடு இருந்தது. அதன் மேல் தார் போட்டார்கள். தாரின் மேல் இன்னொரு தார். அப்புறம் குழாய் பதிக்கத் தோண்டிவிட்டு அதன் மேல் சிமென்ட் சாலை. ஒவ்வொரு முறையும் ஒரு படி காணாமல் போனது. இப்போது தெரு திண்ணையின் மட்டத்துக்கு வந்துவிட்டது, ரேழி பள்ளத்தில் இருக்கிறது. மழைக்காலம் தொடங்கும் முன் நிலைவாசலின் குறுக்கே செங்கல் இரண்டு வரிசை வைத்துச் சிமென்ட் பூசிக் கரை கட்டுகிறாள். வயதான மாமியார் அதைத் தாண்ட முடியாமல் கார்த்திகை முடியும்வரை வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். முற்றத்தில் விழும் மழைநீர் முன்பு தூம்பு வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போகும். இப்போது சாக்கடைத் தண்ணீர் அதே தூம்பு வழியாக முற்றத்துக்கு வருகிறது. துணியை உருண்டையாகச் சுருட்டித் தூம்பை அடைத்துவிட்டு, முற்றத்து நீரை மோட்டார் வைத்துத் தெருவில் இறைக்கிறார்கள். அது எதிர்வீட்டுக்குள் போகிறது. மழை நாளில் இரண்டு வீட்டுக்கும் வாய்ச் சண்டை. அந்த இரண்டு குடும்பமும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் ஒருவர் பந்தி பரிமாறியவர்கள்.

வசதி உள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். பார்த்திருப்பீர்கள். அஸ்திவாரத்துக்கு மேலே சுவரை வரிசையாகக் குடைந்து, ஜாக்கிகளைச் செருகி, எல்லாவற்றையும் ஒன்றுபோலத் திருகி மூன்றடி நாலடி உயர்த்தி, அடியில் புதுச் சுவர் எழுப்புகிறார்கள். நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் லட்சக்கணக்கில் செலவு. உயர்த்திய வீட்டுக்காரர் தன் வாசலையும் மண்கொட்டி உயர்த்துவார். உயர்த்த முடியாத பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்பு தெருத் தண்ணீர் மட்டும் வந்தது, இப்போது பக்கவாட்டிலும் வரும். தொகுப்பு வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையிலும் இருப்பவர் எதை ஜாக்கி வைத்துத் தூக்குவார்? சாலையை உயர்த்தும் செலவு ஒப்பந்தத் தொகையோடு முடிவதில்லை. மீதியை வீட்டுக்காரர்கள் கட்டுகிறார்கள், கட்ட முடியாதவர்கள் தண்ணீரில் நிற்கிறார்கள்.

கோயில்களையும் பாருங்கள். நம் பகுதியில் எத்தனையோ பழைய கோயில்களுக்கு இன்று தெருவிலிருந்து படி இறங்கித்தான் உள்ளே போகிறோம். கோயில் தாழ்ந்துவிடவில்லை, நாம் தெருவை உயர்த்திக்கொண்டே வந்திருக்கிறோம்.

இதற்கு அரசின் உத்தரவு இல்லையா என்றால், இருக்கிறது. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு இதைத் தெளிவாக எழுதினார். பழைய சாலையின் மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தளம் போட வேண்டும், வீடுகளின் மட்டத்துக்கு மேலே சாலையை உயர்த்தக் கூடாது என்பதுதான் அதன் சாரம். ஆனால் சுரண்டும் எந்திரம் பெரிய சாலைகளுக்கு வருகிறது, சந்துக்கு வருவதில்லை. சிமென்ட் சாலையைச் சுரண்டுவது இன்னும் கஷ்டம், உடைத்துத்தான் எடுக்க வேண்டும், உடைத்ததைக் கொட்ட இடம் வேண்டும். மதிப்பீட்டில் இந்தச் செலவுகளைச் சேர்க்காவிட்டால் ஒப்பந்ததாரர் கையிலிருந்து போட்டுச் செய்ய மாட்டார். உத்தரவை மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரியாகக் கொண்டு வந்தால்தான் அது தெருவுக்கு வரும். முப்பது நாற்பது வருடம் எஸ்டிமேட் எழுதியவர்களைக் கேட்டால் இதையேதான் சொல்வார்கள்.

நாமும் கொஞ்சம் மாற வேண்டியிருக்கிறது. ‘தெருவில் தண்ணீர் நிற்குது, ரோட்டை ஏத்திப் போடுங்க’ என்று மனு கொடுப்பதே பொதுமக்கள்தான். உயர்த்தினால் அந்தத் தண்ணீர் காணாமல் போகாது, அடுத்த தெருவுக்குப் போகும். மனுவில் ‘தண்ணீர் வடிய வழி செய்யுங்கள்’ என்று எழுத வேண்டும்.

வடிய வழி எங்கே போனது? புறவழிச்சாலை ஓரமாகப் போய்ப் பாருங்கள். நஞ்சை வயலில் மண் அடித்து, கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, ஏதோ ஒரு ‘நகர்’ என்று வளைவு வைத்திருப்பார்கள். கணக்கு ஒன்று சொல்கிறேன். ஓர் ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் நாலு லட்சம் லிட்டர் தண்ணீர், பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் நாற்பது லாரி. ஓர் அடி வரப்பு உள்ள வயல் அந்த மழையை அப்படியே தாங்கி நிறுத்திக்கொண்டு, வடிவாய்க்காலில் மெல்ல மெல்ல விடும். அதே ஏக்கர் மனையாகிக் கூரையும் சிமென்ட் தரையும் வந்துவிட்டால், பெரும்பகுதி தண்ணீர் சில மணி நேரத்தில் தெருவுக்கு வந்துவிடும். 2022 நவம்பர் 11-ஆம் தேதி சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது நினைவிருக்கும். அந்த அளவு மழை நம் நகரங்களில் ஒன்றின் மேல் கொட்டினால் என்ன ஆகும் என்று மேலே சொன்ன நாற்பது லாரியை நாலால் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

2020-இல் காவிரி டெல்டாவுக்குப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. எண்ணெய், எரிவாயு எடுப்பது போன்ற புதிய தொழில்களைத் தடுத்தது பெரிய ஆறுதல். அதற்காக வீதியில் நின்ற எல்லோருக்கும் நன்றி. ஆனால் அந்தச் சட்டத்தின் தடைப் பட்டியலில் வயலை மனை போடுவது இல்லை. மனை வரைபடத்தில் வாய்க்காலை ஒரு நீலக் கோடாகக் காட்டுகிறார்கள். அதில் தண்ணீர் எந்தத் திசையில் போகும், அடித்தளம் என்ன மட்டம், குறுக்கே போடும் குழாய் எந்த மட்டத்தில் உட்காரும் என்ற விவரம் வேண்டும். வாய்க்காலின் குறுக்கே மூன்றடி அகலத்துக்கு ஒரு குழாயை வாய்க்கால் தளத்துக்கு அரை அடி மேலே பதித்துவிட்டால், காகிதத்தில் வாய்க்கால் இருக்கும், தண்ணீர் போகாது. இந்த மாதிரிக் குழாய்களைத்தான் நான் போகிற இடமெல்லாம் பார்க்கிறேன். எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் கோட்டை அகழிக்கரையில் அலங்கம் என்று சொல்லப்படும் பகுதிகளில் தலைமுறையாகக் குடியிருந்த குடும்பங்களை ஆக்கிரமிப்பு என்று சொல்லி எழுப்பி, ஊருக்கு வெளியே அனுப்பினார்கள். நீர்நிலை என்ற காரணம் சரியானதே. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் வீட்டு வேலைக்குப் போகும் இடத்தையும் விட்டுவிட்டு அந்தப் பெண்கள் மூட்டை முடிச்சோடு போனார்கள். அவர்களிடம் காட்டிய அதே சட்டத்தை வாய்க்காலை அடைத்துச் சுற்றுச்சுவர் எழுப்பியவர்களிடமும் காட்ட வேண்டும். ஏழை விட்டுக்கொடுத்த இடத்தில் தண்ணீர் ஓடாவிட்டால் அவர்கள் போனதற்குப் பொருளே இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுத அவசரக் காரணம் உண்டு. 2028-இல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. 2021-இல் மாநகராட்சியான பிறகு வரும் முதல் மகாமகம். சாலை, பாலம், பேருந்து நிறுத்தம், குளக்கரை என்று பணம் வரும், வர வேண்டும். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் தட்டுப் போல இருக்கும் ஊர் அது. அங்கே பல குளங்களுக்கு ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து, நிரம்பியது போக மீதி வெளியேறிய காலம் உண்டு. திருவிழாவுக்கு நாள் நெருங்க நெருங்க எல்லா வேலையையும் அவசரமாக முடிப்பார்கள். அவசரத்தில் முதலில் விடுபடுவது லெவல் எடுக்கும் வேலை. இருக்கும் சாலை மேலேயே இன்னொரு தளம் போட்டுப் பளபளவென்று ஆக்கிவிடலாம். மகாமகம் மாசியோடு முடிந்துவிடும். அந்த வருடம் ஐப்பசியில் கும்பகோணத்துக்காரர்கள் வாசலில் செங்கல் அடுக்க வேண்டிவரும்.

நான் கேட்பது பெரிய செலவு உள்ள காரியம் இல்லை. ஒவ்வொரு தெருவிலும் இடிக்க மாட்டார்கள் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு கட்டடம் இருக்கும். பள்ளிக்கூடம், கோயில், மசூதி, தபால் நிலையம், ஏதாவது ஒன்று. அதன் சுவரில் அந்தத் தெருவின் மட்டத்தைக் கல்லில் பொறித்துச் சிவப்புக் கோடு போட வேண்டும். இதற்கு மேல் சாலை வரக்கூடாது. நாங்கள் பாசனத்தில் ஒவ்வொரு மதகிலும் பெஞ்ச் மார்க் என்ற மட்டக்குறி வைத்திருப்போம், அதைப் போலத்தான். சாலை போட வந்தவர் சுரண்டினாரா இல்லையா என்பதைப் பால் வாங்கப் போகிற பெண்மணியே நின்று பார்த்துச் சொல்லிவிடலாம். எந்தப் பொறியாளரும் தேவையில்லை.

அடுத்து, எந்த வேலைக்கும் டெண்டர் விடும் முன்பு அதன் மட்டத் தாளைப் பகுதி சபையில் வைக்க வேண்டும். கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்துக்கு 2022-இல் வார்டு குழுவும் பகுதி சபையும் விதிகளோடு வந்துவிட்டன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று அப்போது முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலினே தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த பகுதி சபையில் கலந்துகொண்டார். கூட்டம் போடுகிறார்கள், விளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை என்று பேசிவிட்டுக் கலைகிறார்கள். அதே கூட்டத்தில் தெருவின் இரண்டு முனை மட்டமும், சாக்கடைத் தளத்தின் மட்டமும், தண்ணீர் கடைசியில் எந்த ஆற்றில் எந்த இடத்தில் விழுகிறது என்பதும் எழுதிய ஒரு தாளைச் சுவரில் ஒட்டட்டும். தமிழில் ஒட்டட்டும். எங்கே தவறு என்று அந்தத் தெருப் பெரியவர்கள் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். தஞ்சாவூரில் 51 வார்டு இருக்கிறது. ஓய்வு பெற்ற சர்வேயர், ஓவர்சியர், ட்ராஃப்ட்ஸ்மேன் எல்லா வார்டிலும் இருப்பார்கள். கூப்பிட்டால் சம்பளம் கேட்காமல் வருவோம். கருவி மட்டும் கொடுத்தால் போதும், முக்காலி தூக்க இன்னும் தெம்பு இருக்கிறது.

வரும் பகுதி சபையில் நான் இதை மனுவாகக் கொடுக்கப் போகிறேன். மற்ற ஊர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு வாசலில் முன்பு எத்தனை படி இருந்தது, இப்போது எத்தனை இருக்கிறது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மூன்று வரி எழுதி, கதவு எண்ணோடு உங்கள் கவுன்சிலரிடம் கொடுத்துப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வையுங்கள். அடுத்த சாலை மதிப்பீடு போடுவதற்கு முன்பு அது அவர் மேசையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பணிநிறைவு பெற்ற பாசன ஓவர்சியர்,
கரந்தை, தஞ்சாவூர்.